மண்ணில் இருக்கிறது, பயிருக்கு எட்டவில்லை: நுண்ணூட்டக் குறையைப் புரிந்துகொள்வது எப்படி?

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிவைக்கப்பட்ட மண் வள அட்டைத் திட்டத்தின்படி, ஒவ்வொரு அட்டையிலும் பன்னிரண்டு அளவீடுகள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றையும் எல்லோரும் அறிவார்கள். குழப்பம் அவற்றுக்குக் கீழே தொடங்குகிறது. துத்தநாகம் 0.48, இரும்பு 3.9, போரான் 0.4 என்று தசமப் புள்ளியோடு சின்னச் சின்ன எண்கள் வருகின்றன. பக்கத்தில் 'குறைவு' என்று அச்சாகியிருக்கிறது. ஒரு கிலோ மண்ணில் அரை மில்லிகிராம்கூட இல்லாத ஒரு பொருள் குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி நியாயமானதுதான்.

அந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. உரக்கடையில், "மண்ணில் சத்தே இல்லை, இந்தப் புட்டியை வாங்கி அடியுங்கள்" என்பார்கள். மேடையில், "ரசாயன உரம் போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது" என்பார்கள். ஒன்றுக்கொன்று எதிரிகள் போலத் தோன்றும் இந்த இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. மண்ணில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று இரண்டுமே எண்ணிக்கொள்கின்றன. பெரும்பாலான வயல்களில் சரக்கு அப்படியே இருக்கிறது, வேருக்குத்தான் எட்டவில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் எதை வாங்குவது, எப்போது போடுவது, எதை வாங்காமல் விடுவது என்பதெல்லாம் தெளிவாகும்.

முதலில் சொற்கள்

மண்ணில் மிகச் சிறிய அளவில் காணப்படும் எல்லாத் தனிமங்களையும் சுவடுத் தனிமங்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். காட்மியம், காரீயம், குரோமியம் ஆகியவையும் இந்தப் பெயருக்குள் அடங்கும். அவற்றால் பயிருக்கு எந்தப் பயனும் கிடையாது. பயிருக்குக் கட்டாயம் தேவைப்படும் சுவடுத் தனிமங்களை மட்டுமே நுண்ணூட்டங்கள் என்கிறோம். இன்று ஏற்கப்பட்ட பட்டியலில் எட்டு இருக்கின்றன: இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல். நிக்கல் இந்தப் பட்டியலில் ஏறியது 1987இல்தான்.

ஒரு தனிமத்தைக் கட்டாயமானது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? 1939இல் ஆர்னன், ஸ்டவுட் என்ற இருவர் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் அடிப்படை.

1. அது இல்லாமல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை, அதாவது விதையிலிருந்து விதை வரை, முடிக்க முடியாது.
2. அதன் குறையை அதை மட்டுமே கொடுத்துத் தீர்க்க முடியும். வேறொன்று அதன் இடத்தை நிரப்பாது.
3. செடியின் உள்வேலையில் அதற்கு நேரடிப் பங்கு உண்டு.

இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். துத்தநாகம் போதாத வயலில் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினாலும் துத்தநாகக் குறை தீராது. இலை பச்சை கட்டுவதுபோல் சில நாள் தோன்றும், அவ்வளவுதான்.

இத்தனை சிறிய அளவு என்ன செய்யும்?

உலர்ந்த செடியை எரித்து ஆராய்ந்தால் தழைச்சத்து சுமார் ஒன்றரை சதவீதம் இருக்கும். துத்தநாகம் பத்து லட்சத்தில் 20 பங்கு அளவில் இருக்கும். மாலிப்டினம் பத்து லட்சத்தில் 0.1 பங்குதான். சமையலில் அரிசிக்கும் பெருங்காயத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட இது மிகப் பெரியது.

காரணம், இவை செடியின் உடலைக் கட்டும் செங்கற்கள் அல்ல. நொதிகளின் உள்ளே ஒற்றை அணுவாக உட்கார்ந்து வேலையை நடத்துபவை. ஒரே அணு ஒரே வேலையை ஆயிரமாயிரம் முறை திரும்பச் செய்யும். ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் இடத்தில் இருப்பவை நான்கே நான்கு மாங்கனீசு அணுக்கள். பயறு வகைச் செடியின் வேர் முண்டுகளில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினமும் இரும்பும் வேண்டும். யூரியாவைச் செடிக்குள் உடைக்கும் நொதியின் நடுவில் நிக்கல் இருக்கிறது. மகரந்தக் குழல் நீண்டு சூலகத்தை எட்டுவதற்குப் போரான் தேவை. அது போதாவிட்டால் செடி செழித்து நிற்கும், பூவும் பூக்கும், மணி மட்டும் பிடிக்காது.

துத்தநாகத்தின் வேலைகளில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று: செடி நீண்டு வளர உதவும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் உருவாக அது வேண்டும். அது குறைந்தால் கணுவிடைகள் சுருங்கி, எலுமிச்சை போன்ற மரங்களில் இலைகள் சிறுத்துக் கொத்தாக நிற்கும்.

குளோரினைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. தென்னம்பிள்ளை நடும் குழியில் உப்புப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். கறையானை அண்டவிடாமல் செய்யும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். தென்னை குளோரினை அதிகம் நாடும் மரம் என்பது பின்னாளில் ஆய்வுகளில் தெரியவந்தது. பொட்டாஷ் உரமாக நாம் போடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்பதால், அதைப் போடும் தோப்பில் குளோரின் தனியாகத் தேவைப்படாது.

ஒரு கணக்கு

ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் அரையடி மண்ணின் எடை, தோராயமாக 20 லட்சம் கிலோ. சாதாரண மண்ணில் துத்தநாகத்தின் மொத்த அளவு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஹெக்டேரில் இருக்கும் துத்தநாகம் 100 கிலோ.

ஐந்து, ஆறு டன் நெல் விளையும் ஒரு போகம், வைக்கோலோடு சேர்த்து எடுத்துக்கொள்வது சுமார் கால் கிலோ. கணக்குப்படி பார்த்தால் 400 போகத்துக்குச் சரக்கு கையில் இருக்கிறது.

இரும்பின் கணக்கு இதைவிட வேடிக்கையானது. மண்ணில் இரும்பின் சராசரி அளவு நூற்றுக்கு 3.8 பங்கு. ஹெக்டேருக்கு 76 டன் வருகிறது. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பின் ஆக்சைடால்தான். அந்தச் சிவப்பு மண்ணிலேயே, சுண்ணாம்பு கலந்த இடங்களில், நிலக்கடலைச் செடி இரும்பு கிடைக்காமல் வெளிறி மஞ்சளாக நிற்பதைப் பார்க்கலாம்.

விளக்கம் எளிது. வேரால் பாறையைத் தின்ன முடியாது. மண்ணின் ஈரத்தில் கரைந்திருப்பதை மட்டுமே உறிஞ்ச முடியும். நூறு கிலோ துத்தநாகத்தில் பெரும்பகுதி கனிமங்களின் படிகத்துக்குள் சிறைப்பட்டிருக்கிறது. ஒரு பகுதி களித்துகள் மீதும் இரும்பு ஆக்சைடு மீதும் ஒட்டிக்கிடக்கிறது. மீதி, மக்குப் பொருளோடு பிணைந்திருக்கிறது. கரைசலில் மிதப்பது துளியிலும் துளி. கரைந்த துத்தநாகமும் தண்ணீரோடு ஓடிவந்து வேரை அடைவதில்லை. வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பது மட்டும் மெல்ல ஊர்ந்து வந்து சேர்கிறது. ஆகவே வேர் பரவாத இளம் நாற்றுக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வருகிறது.

உண்மையிலேயே காலியான மண்ணும் உலகத்தில் உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் 'தொண்ணூறு மைல் பாலைவனம்' என்று அழைக்கப்பட்ட மணற்பகுதியில் மழை ஓரளவு பெய்தும் புல்கூடச் சரியாக வளரவில்லை. செம்பும் துத்தநாகமும் இல்லாததே காரணம் என்று 1940களில் கண்டறிந்து, பாஸ்பேட் உரத்தோடு அவற்றையும் சேர்த்துப் போட்ட பிறகு அது மேய்ச்சல் நிலமாயிற்று. போரானும் இந்த வகைக்கு அருகில் வரும். அது தண்ணீரில் கரைந்து கீழே இறங்கிவிடக்கூடியது என்பதால், மழை மிகுந்த மணல் நிலங்களில் மெய்யாகவே தீர்ந்துபோகும். மற்றபடி, நம் கரிசலிலும் வண்டலிலும் நடப்பது பூட்டு விவகாரம்.

பூட்டுகள் எவை?

1. கார அமில நிலை. எல்லாவற்றிலும் பெரிய பூட்டு இதுதான். 7 என்பது நடுநிலை. எண் ஒன்று கூடினால் துத்தநாகத்தின் கரைதிறன் நூறில் ஒன்றாகவும், இரும்பினுடையது ஆயிரத்தில் ஒன்றாகவும் சரியும். 6.5இல் இருக்கும் வயலும் 8.5இல் இருக்கும் வயலும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். வேருக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். மாலிப்டினம் மட்டும் எதிர்த்திசையில் போகும். காரம் ஏற ஏற அது அதிகம் கிடைக்கும்.

2. சுண்ணாம்பும் பைகார்பனேட்டும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் கார நிலை 8க்கு அருகில் பிடித்துவைக்கப்படும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகமிருந்தால் ஒவ்வொரு பாசனமும் அந்தப் பிடியை இறுக்கும். நல்ல மழைக்குப் பிறகோ தண்ணீர் தேங்கிய பிறகோ சுண்ணாம்பு மண்ணிலும் பைகார்பனேட் பெருகும்; அப்போது கடலைக்காடு திடீரென்று மஞ்சளாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். "மழை பெய்தால் பயிர் பச்சையாகத்தானே வேண்டும்?" என்று கேட்பவர்கள் இங்கேதான் திகைத்து நிற்பார்கள்.

3. தேங்கிய நீர். நெல் வயலில் நீர் கட்டியதும் மண்ணில் ஆக்சிஜன் தீர்கிறது. இரும்பும் மாங்கனீசும் கரையும் வடிவத்துக்கு மாறிக் கைக்கு வருகின்றன. துத்தநாகமோ பைகார்பனேட், சல்பைடு போன்றவற்றில் சிக்கி மறைந்துவிடுகிறது. ஒரே வயலில், சேற்றில் இருக்கும்போது துத்தநாகக் குறையும், காய்ந்த பிறகு போடும் பயிரில் இரும்புக் குறையும் வருவது இதனால்தான்.

4. மணிச்சத்து மிகை. ஆய்வு செய்யாமல் ஆண்டுதோறும் டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தைக் கொட்டும் வயல்களில் மணிச்சத்து சேர்ந்துகொண்டே போகும். அது துத்தநாகத்தை வேர் எடுப்பதையும், எடுத்தது செடிக்குள் பயன்படுவதையும் தடுக்கும்.

5. மக்குப் பொருள் குறைவு. தொழு உரத்திலிருந்தும் தழையிலிருந்தும் வரும் கரிம அமிலங்கள் உலோக அணுக்களைக் கவ்விக்கொண்டு, அவை வீழ்படிவாகாமல் கரைசலில் வைத்திருக்கும். மாடுகள் குறைந்து தொழு உரமும் குறைந்தபோது இந்தத் திறவுகோலும் போயிற்று.

6. மேல்மண் இழப்பு. மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பி நிலத்தைச் சமன் செய்யும்போது, வெட்டுப்பட்ட இடத்தில் அடிமண் மேலே வந்துவிடும். அடிமண்ணில் மக்கு குறைவு, சுண்ணாம்பு அதிகம். சமன் செய்த அடுத்த போகத்தில் திட்டுத் திட்டாகக் குட்டைப் பயிர் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

பசுமைப் புரட்சிக்குப் பிறகுதான் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிந்தது என்பது உண்மை. அதற்காக யூரியா துத்தநாகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டது என்று பொருளல்ல. விளைச்சல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனபோது பயிரின் அவசரமும் அத்தனை மடங்கு ஆயிற்று. நூறு நாள் பயிருக்கு, மெதுவாகத் திறக்கும் பூட்டுக்காகக் காத்திருக்க நேரமில்லை.

காசுக்கட்டி நிறத்தில் ஒரு வயல்

இமயமலை அடிவாரத்தில் தராய் என்று ஒரு நிலப்பரப்பு உண்டு. இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960இல் அங்கே பந்த்நகரில் தொடங்கப்பட்டது. அந்தப் பகுதியின் நெல் வயல்களில், நட்ட சில வாரங்களில் பயிர் வளர்ச்சி நின்று, இலைகளில் துருப்போன்ற புள்ளிகள் தோன்றி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து இலை முழுவதும் காசுக்கட்டி நிறமாகிவிடும். இந்தியில் காசுக்கட்டி நிறத்தைக் குறிக்கும் சொல் 'கைரா'. நோய்க்கும் அதுவே பெயராயிற்று.

பார்ப்பதற்கு அசல் தொற்றுநோய் போலவே இருந்தது. ஆனால் அதை ஆராய்ந்த பயிர்நோயியல் அறிஞர் ஒய்.எல். நேனே 1966இல் சொன்ன விடை வேறு: கிருமி ஏதுமில்லை, துத்தநாகம் போதவில்லை. மருந்தும் மலிவாக அமைந்தது. ஒரு ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 2.5 கிலோ நீற்றுச் சுண்ணாம்பையும் 1,000 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும். சல்பேட் கரைசலின் அமிலத்தன்மை இலையைச் சுடாமலிருக்கச் சுண்ணாம்பு.

நெல்லில் துத்தநாகக் குறை உலகெங்கும் கவனத்துக்கு வந்தது இந்தக் கண்டுபிடிப்பின் வழியாகத்தான். கிருமியே இல்லாத நோய் என்பது அன்றைக்கு எளிதில் நம்பக்கூடிய விடையாக இருந்திருக்காது. இன்றும் மஞ்சள் இலையைக் கண்டதும் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

இலையைப் படிப்பது

முதல் கேள்வி, பழைய இலையா, புதிய இலையா என்பது. தழைச்சத்தைச் செடி தன் முதிர்ந்த இலையிலிருந்து பிடுங்கித் தளிருக்கு அனுப்பும். ஆகவே அந்தக் குறை அடியிலையில் முழு மஞ்சளாகத் தெரியும். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. அடியிலை பச்சையாக இருக்க, தளிர் வெளிறும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கும், முற்றினால் இலை காகிதம்போல வெளுத்துவிடும். மறுதாம்புக் கரும்பில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நெல்லில் துத்தநாகக் குறை, நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வரும். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுக்கும், கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் பரவும், தூர் கட்டாது.

இரண்டாவது கேள்வி, வயலில் அது பரவியிருக்கும் விதம். உளுந்தில் மஞ்சள் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. நோய்ப்பட்ட செடிக்குப் பக்கத்திலேயே நல்ல செடி நிற்கும், இலையிலும் மஞ்சளும் பச்சையும் தாறுமாறாகக் கலந்திருக்கும். சத்துக்குறையோ மண்ணின் போக்கில் திட்டாகவோ வாய்க்கால் ஓரமாகவோ சேர்ந்தே தெரியும். அந்தத் திட்டில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். பத்து கிராம் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் இரும்பு துருப்பிடித்துவிட்டது, பயன்படாது. சிறு தூரிகையால் வெளிறிய இளம் இலைகளின் ஒரு பாதியில் மட்டும் தடவி, அந்தச் செடிகளுக்கு நூல் கட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் தடவிய பாதி பச்சையாகித் தடவாத பாதி மஞ்சளாகவே இருந்தால் குறை இரும்புதான். இரண்டு பாதியும் மாறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஒரு ரூபாய்க்கும் குறைவான செலவில் கிடைக்கும் இந்த விடைக்கு நிகராக, எந்தப் புட்டியின் மேலுள்ள வண்ணப் படத்தையும் நான் நம்பமாட்டேன்.

அட்டையில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

'துத்தநாகம் 0.48' என்பது மண்ணின் மொத்தச் சரக்கு அல்ல. பத்து கிராம் மண்ணில், டி.டி.பி.ஏ. என்ற கவ்வும் வேதிப்பொருள் கலந்த 20 மில்லி கரைசலை ஊற்றி, இரண்டு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, வடிநீரில் எவ்வளவு வந்தது என்று அளக்கிறார்கள். லிண்ட்சே, நார்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் விரிவாக வெளியிட்ட முறை இது. வேர் எடுக்கக்கூடியதற்கு அது ஓர் அடையாளம். சட்டியில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதைப் போன்றது.

அந்த எண்ணைக் 'குறைவு' என்றோ 'போதுமானது' என்றோ பிரிக்கும் கோட்டுக்கு வரம்பு அளவு என்று பெயர். பல வகை மண்ணில் துத்தநாகம் போட்டும் போடாமலும் பயிர் வளர்த்து, எந்த எண்ணுக்குக் கீழே போனால் போட்டதற்குப் பலன் கிடைக்கிறது என்று பார்த்து வகுத்த கோடு அது. தேசிய அளவில் துத்தநாகத்துக்கு 0.6 என்று வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1.2 என்று வைத்திருக்கிறது. எனவே 0.9 என்ற மண், ஓர் அட்டையில் 'போதுமானது', இன்னொன்றில் 'குறைவு'. ஆய்வகம் ஏமாற்றிவிட்டது என்று கோபப்படுவதற்கு முன் எந்தக் கோட்டை வைத்துப் பிரித்தார்கள் என்று கேட்க வேண்டும். இந்தியா முழுவதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான மண் மாதிரிகளில் துத்தநாகம் குறைவு என்றும், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல் என்றும் ஆய்வுகள் சொல்வதையும் இந்தக் கோட்டை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

எண்ணைவிட முதன்மையானது மாதிரி எடுக்கும் விதம். வயலில் பத்து, இருபது இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, அரையடி ஆழம் வரை பக்கவாட்டில் சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்க வேண்டும். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தவறுவது பாத்திரத்தில்தான். தகர வாளிகளில் பல, துத்தநாக முலாம் பூசியவை. அதில் மண்ணைப் போட்டுக் கலக்கினால் வாளியின் துத்தநாகமும் மண்ணோடு சேர்ந்துவிடும். அரை மில்லிகிராமை அளக்கும் இடத்தில் அது போதும், 'குறைவு' என்று வர வேண்டியது 'மிகுதி' என்று வந்துவிடும். துருப்பிடித்த மண்வெட்டி இரும்பின் கணக்கைக் கெடுக்கும். நுண்ணூட்ட ஆய்வுக்கு மரக்குச்சி அல்லது துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் தட்டு, புதிய பை ஆகியவையே பொருத்தம். பழைய உரச்சாக்கு வேண்டவே வேண்டாம்.

அட்டை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது துத்தநாக வரியை அல்ல. கார அமில நிலையையும், மக்குப் பொருளின் அளவைக் காட்டும் அங்கக கரிமத்தையும் பார்த்தால் பூட்டு எது என்று தெரியும்.

எதை, எப்படிப் போடுவது?

நடவு நெல்லுக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை, ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட். ஏக்கருக்கு 10 கிலோ. உலர்ந்த மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் சேற்றின் மேல் தூவ வேண்டும். சாதாரண துத்தநாக சல்பேட்டில் துத்தநாகம் 21 சதவீதம் என்பதால் 25 கிலோவில் ஐந்தேகால் கிலோ இருக்கிறது. பயிருக்கு வேண்டியது கால் கிலோ. மீதியில் பெரும்பகுதி மண்ணில் பூட்டிக்கொள்ளும், கொஞ்சம் அடுத்த இரண்டொரு போகத்துக்கு உதவும்.

அதே பரிந்துரையின் அடுத்த வரியைப் பலரும் படிப்பதில்லை. ஹெக்டேருக்கு ஆறேகால் டன் பசுந்தாள் உரமோ, ஊட்டமேற்றிய தொழு உரமோ இட்டிருந்தால் 12.5 கிலோ துத்தநாக சல்பேட் போதும். தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலில் செலவு சரிபாதி. தழையில் அத்தனை துத்தநாகம் இல்லை. தழை மட்கும்போது வரும் அமிலங்கள் ஏற்கெனவே இருப்பதை அவிழ்த்துவிடுகின்றன. ஊட்டமேற்றுவது என்பதும் எளிய வேலை. ஒரு பங்கு நுண்ணூட்டத்தைப் பத்துப் பங்கு தொழு உரத்தோடு கலந்து, புட்டுமாவு பதத்தில் ஈரம் வைத்து, நிழலில் ஒரு மாதம் மூடி வைத்தால் மண்ணில் சேர்ந்த பிறகும் எளிதில் பூட்டிக்கொள்ளாது.

பயிர் நின்ற பிறகு குறை தெரிந்தால் இலைவழித் தெளிப்புதான் வழி. பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும். குறை மறையும்வரை 15 நாளுக்கு ஒருமுறை. இதில் டி.ஏ.பி. கரைசலைக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து தயிர்போலத் திரிந்து அடியில் படியும், தெளிப்பான் மூக்கும் அடைத்துக்கொள்ளும். நெல் வயலில் தண்ணீரைச் சில நாள் வடித்துவிடுவதும் உதவும்.

கார மண்ணில் இரும்பு சல்பேட்டை நேரடியாகத் தூவுவது வீண் செலவு. சில நாளில் துருவாகிவிடும். ஏற்கெனவே 76 டன் துரு இருக்கும் இடத்தில் இன்னும் இருபது கிலோ துரு சேர்த்து என்ன ஆகப்போகிறது? இலையில் தெளிப்பதே முறை. கவ்விப் பிணைத்த வடிவில் விற்கப்படும் இரும்பிலும் வேறுபாடு உண்டு. இ.டி.டி.ஏ. வகை, கார மண்ணில் இரும்பை நழுவ விட்டுவிடும், இ.டி.டி.எச்.ஏ. வகை பிடித்து வைத்திருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். உறையில் எந்த வகை என்று எழுதாத பொருளை வாங்குவதில் பொருளில்லை.

கலப்படமும் உண்டு. துத்தநாக சல்பேட்டில் அதிகம் கலப்பது மெக்னீசியம் சல்பேட். இரண்டும் வெள்ளைப் படிகங்கள், விலை வேறுபாடு பெரிது. கரைசலில் காஸ்டிக் சோடா கரைசலைச் சேர்த்தால் இரண்டிலுமே கஞ்சிபோல வெள்ளைப் படிவு வரும். மேலும் மேலும் காஸ்டிக் சோடா சேர்க்கும்போது துத்தநாகப் படிவு கரைந்து தெளியும், மெக்னீசியம் படிவு கரையாது. கைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்புடன் செய்ய வேண்டிய சோதனை இது.

ஆறேழு தனிமங்களைக் கலந்த பொதுக் கலவைகளைப் பொறுத்தவரை என் கருத்து இது: எது குறை என்று தெரியாதபோது அவை வசதி; தெரிந்த பிறகு, வேண்டாத ஐந்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

மிகுந்தால்?

போரானுக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை. தென்னையில் குருத்து விரியாமல் ஒட்டிக்கொள்வதைக் கண்டு, போரான் அடங்கிய வெண்காரத்தைப் போடுகிறார்கள், சரியான மருந்துதான். ஆனால் போரானில் போதாமைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. "கொஞ்சம் கூடப் போட்டால் என்ன" என்று அள்ளிவிட்டால் இலை ஓரம் தீயும். மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், சேர்ந்த பூஞ்சணக்கொல்லியான போர்டோ கலவையைத் தலைமுறைகளாகத் தெளித்த பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களில் செம்பு மேல்மண்ணில் தேங்கிவிட்டது. அது கீழே இறங்குவதில்லை. கேரளத்தின் குட்டநாட்டிலும் இலங்கையின் ஈரவலயத் தாழ்நிலங்களிலும் அமில மண்ணில் நீர் தேங்கும்போது இரும்பு அளவுக்கு மீறிக் கரைந்து நெல் இலையை வெண்கல நிறமாக்கும். அங்கே இரும்பு நஞ்சு, இங்கே கடலைக்காட்டில் இரும்புப் பஞ்சம்.

தட்டு வரை

துருக்கியின் நடு அனத்தோலியச் சமவெளி சுண்ணாம்பு மண். அங்கே கோதுமைக்குத் துத்தநாகம் கொடுத்தால் விளைச்சல் கூடுகிறது என்பது 1990களில் தெளிவாகி, உரத்திலேயே அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மண்ணில் எட்டாதது தானியத்திலும் குறையும், தானியத்தையே நம்பி உண்பவர் உடலிலும் குறையும். குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதற்குத் துத்தநாகக் குறையும் ஒரு காரணம்.

நெல்லிலும் கோதுமையிலும் மணிச்சத்து 'பைட்டேட்' என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. சாப்பிட்ட பிறகு நம் குடலில் அது துத்தநாகத்தைக் கட்டிப் பிடித்து, உடலில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். வயலில் மணிச்சத்து செய்த அதே தடுப்பு வேலை வயிற்றிலும் நடக்கிறது. அரிசியைத் தீட்டினால் பைட்டேட் குறையும், கூடவே துத்தநாகமும் போகும்.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'டி.ஆர்.ஆர். தன் 45' என்ற ரகம் 2016இல் வெளிவந்தது. தீட்டிய அரிசியிலேயே கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம்; வழக்கமான ரகங்களில் 12 முதல் 16 வரை இருக்கும். கார அமில நிலை 8.5 உள்ள வயலில் இதே ரகத்தை நட்டால், மண்ணுக்குத் துத்தநாகமும் பூக்கும் பருவத்துக்குப் பின் இலைக்கு ஒரு தெளிப்பும் கொடுத்தால்தான் அந்த எண்ணை நெருங்க முடியும்.